கைவேலைக்காரர்கள் கூடும் தளமும் மகளின் கணக்குப் பாடமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

"மகள் அக்கவுண்டிங் படித்தால் எபேன் நகரத்தில் ஏதாவது ஓர் ஆபீஸில் உட்கார்ந்துவிடுவாள். இவளோ கைவேலை செய்கிறவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஓர் இடம் கட்டப்போகிறேன் என்கிறாள். இது படிப்பா, பொழுதுபோக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் போன வாரம் உங்கள் மகள் காட்டிய நோட்டைப் பார்த்த பிறகு, எனக்கு அந்தப் பயம் பாதியாகக் குறைந்துவிட்டது.

முதல் பக்கங்களில் நிறமும் லோகோவும்தான். அவற்றைச் சீக்கிரம் புரட்டிவிட்டேன். நடுவே ஒரு பக்கத்தில், பாட்டி தாழை ஓலைப் பை பின்னும்போது அடிமூலையைத் திருப்புகிற இடத்தை நான்கு முறை வரைந்து, மூன்றை அடித்திருக்கிறாள். பக்கத்தில், "முன்னால் நின்று போட்டோ எடுத்தால் பாட்டியின் கட்டைவிரல் ஓலையை மறைக்கிறது. தோளுக்குப் பின்னால் நின்று எடுக்கணும்" என்று குறிப்பு. புதிதாகக் கற்பவர் எங்கே திணறுவார் என்று முன்கூட்டியே பார்க்கிற கண் இது. யூஎக்ஸ் டிசைன், அதாவது ஒரு தளத்தையோ ஆப்பையோ பயன்படுத்துகிறவருக்கு எளிதாக வடிவமைக்கும் தொழிலே, இந்தக் கண்ணை நம்பித்தான் நடக்கிறது. மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு உலகத்தில் முன்மாதிரிகள் உண்டு. பின்னல்காரர்களுக்காக 2007-ல் தொடங்கிய ராவெல்ரி தளத்தில், முடித்த ஸ்வெட்டரைப் போட்டோ போடுவதோடு விடமாட்டார்கள்; எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது, என்ன நூல், எத்தனையாம் நம்பர் ஊசி என்று பதிவார்கள். அதனால் ஒரே மாதிரி நூறு கைகளில் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு நூல் வாங்கலாம். செய்முறைகளைப் பகிர 2005-ல் வந்த இன்ஸ்ட்ரக்டபிள்ஸ் தளத்தில் 'நானும் செய்தேன்' என்று ஒரு பொத்தான் உண்டு. வெறும் லைக்கைவிட அது எவ்வளவோ மேல். செய்து பார்த்தவரின் சாட்சி அல்லவா! அதே ராவெல்ரி 2020-ல் தோற்றத்தை மாற்றியபோது, தலைவலி வருகிறது, கண் கூசுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். நிறம் தேர்ந்தெடுப்பது அலங்கார வேலை மட்டும்தான் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. இதை அவளிடம் அவசியம் சொல்லுங்கள்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். 'கைவினைத் தளம் வடிவமைப்பாளர்' என்று நம் மொரீஷியஸ் தீவில் யாரும் விளம்பரம் கொடுக்கப்போவதில்லை. ஆனால் பேங்க் ஆப், ஹோட்டல் முன்பதிவு, கடைகளின் ஆன்லைன் விற்பனை எல்லாவற்றுக்கும் இதே திறமைதான் வேண்டும். யூஎக்ஸ் டிசைனர், திரையில் தெரியும் பகுதியை எழுதும் ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர், உறுப்பினர்களைக் கவனிக்கும் கம்யூனிட்டி மேனேஜர் என்று பதவியின் பெயர்தான் மாறும். இந்தத் துறையில் சான்றிதழோடு, செய்து காட்டிய வேலையையும் கேட்பார்கள்.

படிப்புக்கு: பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி-யில் அவள் எடுத்திருக்கும் கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆர்ட் அண்ட் டிசைன் மூன்றையும் மாற்றவே வேண்டாம். நல்ல சேர்க்கை. பிறகு ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சார்ந்த பட்டம், அல்லது மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் நுண்கலை. என் ஓட்டு முதலாவதற்கு. அரசு நிறுவனங்களில் முதல் பட்டத்துக்கு 2019 முதல் கல்விக் கட்டணம் இல்லை என்பதால், பணத்துக்காக அவசர முடிவு எடுக்க வேண்டியதில்லை. அக்கவுண்டிங் வழியும் மூடிப்போகாது. பட்டத்துக்குப் பிறகும் ஏசிசிஏ என்ற கணக்காளர் தேர்வு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்வோம். டிசம்பர் விடுமுறை தொடங்கித் தைப்பூசம் வரை நம் வீடுகளில் காவடி வேலை நடக்கும். மூங்கில் வளைப்பது, தென்னங்குருத்து பின்னுவது, பூக்கட்டுவது எல்லாம் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. அவள் தளம் கட்ட வேண்டாம். காகிதத்தில் ஐந்து திரை வரைந்து, கோவிலில் வேலை செய்கிற பத்துப் பேரிடம் கொடுத்து, விரலால் தொடச் சொல்லட்டும். அவள் வாயைத் திறக்கக் கூடாது. பார்க்க வேண்டும், எழுத வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இப்படிச் சோதித்தபோது, அறுபது வயது அம்மாள் ஒருவர் கேள்வி கேட்கும் இடத்தைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அதில் ஒரு கூட்டல் குறி மட்டும் இருந்தது. 'கேளுங்க' என்று கிரியோலில் எழுதியதும் தயங்காமல் தொட்டார். மொழியைப் பற்றி உங்கள் மகளும் இப்போதே யோசிக்க வேண்டும்: பலர் பேசுவது கிரியோல், படிப்பது பிரெஞ்சு, காவடி உறுப்புகளுக்குச் சொல்வது தமிழ்ப் பெயர்.

ஆட்கள் வருவார்களா என்று கேட்டீர்கள். இத்தகைய இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையத்தளப் பயன்பாட்டு நிபுணர் யாக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார். ஆகவே ஆயிரம் பேரைத் தேடி அலைய வேண்டாம். கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லும் மூன்று மூத்தவர்கள் போதும். முதல் கேள்விக்குப் பதில் வராதவர் மறுபடி எட்டிப் பார்ப்பது அரிது.

இன்னொன்று, பெற்றோராக நீங்கள் கவனிக்க வேண்டியது. 2017-ஆம் ஆண்டின் நம் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கையாளக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கப்போகிறாள் என்றால் இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். சூடான பசை, ரெசின், மின்சார விளக்கு வைத்த காவடி போன்றவற்றின் செய்முறையை, பெரியவர் ஒருவர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். அடுத்தவர் டிசைனைப் போடுகிறவர், அதை உருவாக்கியவரின் பெயரையும் போட வேண்டும்.

தைப்பூசம் முடிந்த வாரம் இருவரும் வாருங்கள். அந்தப் பத்துப் பேர் தடுமாறிய இடங்களை எழுதிய தாள்கள் எனக்கு வேண்டும். அழகாக எடுத்தெழுத வேண்டாம், அடித்தல் திருத்தலோடு அப்படியே கொண்டுவரட்டும்.