முதல் பில் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யூடியூப், இன்ஸ்டாகிராம் சண்டைகள். சென்னை தம்புச் செட்டித் தெருவில் முப்பத்து மூன்று வருடமாக உட்கார்ந்து பெயர்ப்பதிவு விண்ணப்பம் எழுதுகிறவள் நான். அந்தக் காலத்தில் தங்கள் பெயரை எதிர்க்கடை போர்டில் பார்த்துவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வருவார்கள். இப்போது போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். மூச்சிரைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: 2016 முதல் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து ஒரு பெயர் வைத்து விற்கிறேன். முதலில் வாட்ஸ்அப், அப்புறம் இன்ஸ்டாகிராம். வேறு ஊர்க்காரர் ஒருவர் போன வருடம் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டு, புகார் கொடுத்து என் பக்கத்தையே தூக்க வைத்துவிட்டார். ‘பெயரை மாத்திட்டு வேலையைப் பாரு’ என்கிறார் என் கணவர். மாற்றிவிடட்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. பதிவு செய்தவருக்குத்தான் பெயர் சொந்தம் என்று ஊரே நம்புகிறது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 34ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. அவர் அந்தப் பெயரில் விற்கத் தொடங்கிய நாள் ஒன்று, பதிவு நாள் ஒன்று. பதிவு நாள் என்பது விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்பிருந்து நீங்கள் விடாமல் விற்று வந்திருந்தால், பதிவைக் காட்டி உங்களைத் தடுக்க அவரால் முடியாது.

ஆனால் முன்பிருந்து விற்றேன் என்று வாயால் சொன்னால் போதாது. பல வருடம் முன்பு ஓர் அப்பள வியாபாரி என்னிடம் வந்தார். எதிராளியிடம் பதிவுச் சான்றிதழ் இருந்தது, இவரிடம் ஒரு டால்டா டின் இருந்தது. மேஜையில் கவிழ்த்தார். உளுந்து வாசனையோடு ரேஷன் கார்டு நகல், கோயில் ரசீது, பேரன் ஜாதகம் என்று என்னென்னவோ விழுந்தன. நடுவில் கார்பன் வைத்து எழுதிய ஒரு பில். நீல எழுத்து வெளிறிப்போய், ரப்பர் ஸ்டாம்பில் அப்பளத்தின் பெயர் சாய்வாக விழுந்திருந்தது. ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது. 1987 என்ற நான்கு எண்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. எதிராளியின் காகிதங்கள் 1994ல்தான் தொடங்கின. இரண்டாவது வாய்தாவிலேயே சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

உங்கள் டால்டா டின்னைத் தேடுங்கள். லேபிள் அச்சடித்த பில், கூரியர் ரசீது, உணவுப் பாதுகாப்புப் பதிவு, பணம் வந்த வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ‘அக்கா, பருப்புப் பொடி அரை கிலோ’ என்று 2016ல் யாராவது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதுவும் சாட்சிதான். அந்தப் பழைய போனைத் தயவுசெய்து எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, அது எந்தக் கருவியில் இருந்தது என்று சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்ஸ்டாகிராம் நீதிமன்றம் இல்லை. புகார்ப் படிவத்தில் பதிவு எண் கேட்பார்கள், அவரிடம் எண் இருந்தது, உங்கள் பக்கம் போனது. நடந்தது அவ்வளவுதான். ஆதாரங்களோடு அவர்களுக்கு மறுப்பு அனுப்புங்கள். கூடவே அவருடைய பதிவை நீக்கக் கோரி கிண்டியில் இருக்கும் வணிகக் குறிப் பதிவகத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். உங்கள் பெயருக்கும் விண்ணப்பம் போடுங்கள். பதிவகம் பிரித்து வைத்திருக்கும் பொருள் வகுப்புகளில் பொடி வகைகளுக்கு 30ஆம் வகுப்பு. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

இணையத்துக்கு இந்த நியாயம் செல்லுமா என்று சந்தேகம் வேண்டாம். சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே, தன் பெயரிலிருந்தே ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி இணைய முகவரி வைத்திருந்தது. இன்னொருவர் ‘சிஃபிநெட்’ என்று தொடங்கினார். இணைய முகவரியும் வணிகப் பெயர் மாதிரித்தான், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று 2004ல் உச்ச நீதிமன்றம் சிஃபி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இன்னொன்று. லேபிளை யார் வரைந்தது? கடையில் காசு கொடுத்து வரையச் சொன்னாலும், எழுதி வாங்காதவரை அந்த லேபிள் வடிவமைப்பின் பதிப்புரிமை பெரும்பாலும் வரைந்தவரிடமே தங்கிவிடும். ஒரு தாளில் உரிமையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘முழுக் காலத்துக்கும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா நாதஸ்வரக் கலைஞர். கோயில் திருவிழாவில் அவர் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை யூடியூபில் ஏற்றினேன். ஓர் இசை நிறுவனத்தின் பதிவோடு ஒத்துப்போகிறது என்று சொல்லி விளம்பர வருமானத்தை அவர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அப்பாவின் மூச்சுக்கு அவர்கள் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம்?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: கொண்டாட முடியாது தம்பி. தியாகராஜர் மறைந்தது 1847ல். கீர்த்தனை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அந்த நிறுவனத்துக்கு உரிமை இருப்பது அவர்கள் ஒலிப்பதிவு செய்த அந்த ஒரு வாசிப்புக்கு மட்டும். யூடியூப் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்ற இயந்திரத்தை வைத்து ஒப்பிடுகிறது. அதே கீர்த்தனை, அதே ராகம், ஏறத்தாழ அதே காலப்பிரமாணம் (வேகம்) என்றால் அதற்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடுகிறது. எந்த வித்வான் ஊதிய சீவாளி என்று அதற்கு என்ன தெரியும்?

மறுப்புத் தெரிவிக்கும் இடத்தில், பழைய பொதுச்சொத்துப் பாடல், வாசித்தவர் என் தந்தை, பதிவு செய்தது நான் என்று மூன்று வரி எழுதுங்கள். நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை வந்த 5 நாளுக்குள் எழுதினால், முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும்.

உங்களுக்கு வந்திருப்பது வெறும் கோரிக்கை. ஸ்ட்ரைக் என்பது வேறு. பதிப்புரிமை மீறலுக்கு யூடியூப் தரும் எச்சரிக்கை அது, 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்துபோய் வீடியோவை அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் ஸ்டெபனி லென்ஸ் என்ற தாய் பயப்படவில்லை. சமையலறையில் குழந்தை ஆடுவதை 29 வினாடி எடுத்து 2007ல் ஏற்றினார். பின்னால் பிரின்ஸ் பாடிய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யுனிவர்சல் நிறுவனம் வீடியோவை நீக்கச் சொன்னது, அவர் வழக்குப் போட்டார். அனுமதி இல்லாமலே சட்டம் விடுகிற நியாயமான பயன்பாடா என்று யோசிக்காமல் நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்று 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2018ல் சமரசம் ஆனது. நடை பழகிய குழந்தை அதற்குள் பள்ளியில் எத்தனையோ வகுப்புத் தாண்டியிருக்கும்.

ஒரு விஷயம் கேட்க விட்டுப்போயிற்று. தவில் யார்? நிகழ்த்துகிற கலைஞருக்கென்று நம் சட்டத்தில் தனி உரிமை உண்டு, அது தவில்காரருக்கும்தான். அவர் சம்மதத்தை வாங்கிவிட்டு, பெயரையும் போடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பத்திரிகைகளில் வந்த என் சிறுகதைகளை ஒருவர் குரல் கொடுத்துப் படித்து யூடியூபில் போடுகிறார். கேட்டால், ‘உங்க பேரைத்தான் நன்றின்னு போட்டிருக்கேனே மேடம்’ என்கிறார். நான் காப்புரிமை வாங்கி வைக்கவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கானது டீச்சர். உங்களுக்கு இருப்பது பதிப்புரிமை. அதை யாரும் வாங்க வேண்டியதில்லை, எழுதிய கணத்திலேயே வந்துவிடுகிறது. உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 வருடத்துக்கும் இருக்கும். நீங்கள் பத்திரிகையின் சம்பள ஊழியராக இல்லாமல், உரிமையை எழுதிக்கொடுக்காமலும் இருந்தால் கதை உங்களுடையதுதான். மரத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் மாங்காய் பறித்துவிட்டு, கிளையில் ‘நன்றி’ என்று அட்டை தொங்கவிடுகிற மாதிரி இருக்கிறது அவர் செய்வது.

யூடியூபின் புகார்ப் படிவத்தில் எழுதுங்கள். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி முறையான புகார் போனால் 36 மணி நேரத்தில் தளம் எடுத்துவிட வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் அதை மறுபடி போட்டுவிடலாம். டெலிகிராமில் பிடிஎஃபாகச் சுற்றுகிறது என்று அடுத்த வரியில் எழுதியிருந்தீர்கள். முகம் தெரியாத ஆளை எப்படிப் பிடிப்பது என்று மலைக்க வேண்டாம். பயிற்சி வகுப்புப் பாடங்களைத் திருடிப் பரப்பிய சேனல்களை நடத்துகிறவர்கள் யார் என்று சொல்லும்படி 2022ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, டெலிகிராமும் கொடுத்தது. செலவு பிடிக்கும் வழிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் அந்தக் குரல்காரரிடம் கதைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கேட்டுப் பாருங்கள். சிலர் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைப் பெயரில் .இன் முகவரியை யாரோ பதிவு செய்துவைத்து 2 லட்சம் கேட்கிறார்.
– வாசகர், கரூர்

பதில்: கேட்டது எழுத்தில் இருக்கிறதா? பத்திரப்படுத்துங்கள், அவரே உங்களுக்குச் சாட்சி தயார் செய்து கொடுத்திருக்கிறார். .இன் முகவரிகளுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின்கீழ் தனித் தகராறு முறை இருக்கிறது. பெயர் உங்களுடையதைப் போல இருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான தொடர்பு இல்லை, கெட்ட நோக்கம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கனடாவில் 17 வயது மைக் ரோ தன் பெயரோடு ‘சாஃப்ட்’ சேர்த்து இணையதளம் வைத்தான். சேர்த்துப் படித்தால் மைக்ரோசாஃப்ட்! நிறுவனம் 10 டாலர் தருகிறேன் என்றது, பையன் 10,000 கேட்டான். அதையே கெட்ட நோக்கத்துக்கு அத்தாட்சியாகப் பிடித்துக்கொண்டார்கள் வக்கீல்கள். உலகமே சிரித்ததும் 2004ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி உட்படச் சில பொருட்களைக் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். உங்கள் ஆளுடைய பெயர் ஒருவேளை உங்கள் கடைப்பெயராகவே இருந்துவிட்டால் கதை வேறு. விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பாக்கெட்டில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: கூடாது. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டினால் அபராதம் உண்டு. முன்பு 3 வருடம் வரை சிறைகூட இருந்தது, 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான ‘டிஎம்’ போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ‘கிராமத்து ருசி’ என்று நான் விளம்பரம் செய்கிறேன். பக்கத்துத் தெருக்காரரும் அதையே போடுகிறார். தடுக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: கஷ்டம். நூடுல்ஸ் விற்கிற இரண்டு பெரிய நிறுவனங்கள், ஐடிசியும் நெஸ்லேயும், ‘மேஜிக் மசாலா’வா ‘மேஜிக்கல் மசாலா’வா என்று சென்னையில் வழக்காடின. மேஜிக் என்பது சரக்கைப் புகழ்கிற பொதுச்சொல், ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று 2020ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களுக்கே கிடைக்கவில்லை. கிராமமும் ருசியும் எல்லோருக்கும் பொது.

கேள்வி: உங்கள் பகுதியின் தலைப்பை நீங்கள் பதிவு செய்துவிட்டீர்களா?
– வாசகி, சென்னை

பதில்: ‘கேள்வி பதில்’ என்ற தலைப்பையா? மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.