நீண்ட பயணம் போகும் பாய்மரப் படகுக்கு கேஸ் ஃபிரிட்ஜா, பேட்டரி ஃபிரிட்ஜா?

இரண்டையும் வைத்து அவதிப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேட்டரி.

எனக்குப் பினாங்கில் வேலை. லங்காவியில் ஒரு பழைய 33 அடிப் படகு கட்டிக் கிடக்கிறது. வாங்கும்போதே அதில் கேஸ் ஃபிரிட்ஜ் இருந்தது, அதாவது சிலிண்டர் கேஸில் எரியும் சின்னத் தீயின் சூட்டில் ஓடுவது. "மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை" என்றார் விற்றவர். பொய்யில்லை. கரையில் நின்றவரை பாலும் தயிரும் ஜில்லென்றுதான் இருந்தன.

அப்புறம் ஒரு ஜனவரியில் புக்கெட்டுக்குக் கிளம்பினோம். வடகிழக்குக் காற்று, படகு இடது பக்கம் சாய்ந்தபடியே ஓடியது. மறுநாள் மதியம் ஃபிரிட்ஜைத் திறந்தால் வெதுவெதுவென்று ஒரு காற்று முகத்தில் அடித்தது. மீன் நாறிவிட்டது. குனிந்து பார்த்தேன். தீ நீலமாக, அழகாக எரிந்துகொண்டிருந்தது!

விஷயம் இதுதான். அந்தக் குழாய்களுக்குள் இருப்பது அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும். தீச்சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போய், திரவமாகி, தானாகக் கீழே வழிந்து வரவேண்டும். 1922 வாக்கில் ஸ்டாக்ஹோமில் ப்ளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. அபாரமான மூளை, ஆனால் வீட்டுத் தரை சமமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. நங்கூரம் போட்ட இடத்தில் படகு இப்படியும் அப்படியும் ஆடினால் பாதகமில்லை, வழிந்துவிடும். ஒரே பக்கமாக 15, 20 டிகிரி மணிக்கணக்கில் சாய்ந்து கிடந்தால் திரவம் குழாயிலேயே தேங்கிவிடும்.

சரி, மீன் போனால் போகட்டும். என்னைப் பயமுறுத்தியது வேறு. எல்பிஜி காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து விடலாம். படகின் அடிப்பகுதியோ ஒரு கிண்ணம், இறங்கிய கேஸ் அங்கேயே கிடக்கும். அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் சுவிட்சில் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். "அடுப்பும் கேஸ்தானே?" என்பீர்கள். அடுப்பு எரியும்போது பக்கத்தில் ஆள் இருக்கிறது, சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் தீ நாம் தூங்கும்போதும் எரியும். அதன் புகை வெளியே போக வழி சரியில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு வேறு.

இதே கேஸ் ஃபிரிட்ஜ் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் என்பார்கள். நம்பாதீர்கள். அப்போது தீக்குப் பதில் ஒரு ஹீட்டர். 10 ஆம்பியர் என்று வைத்தாலும் ஓயாமல் இழுத்தால் ஒரு நாளைக்கு 240 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து போய்விடும்.

இப்போது என்னிடம் இருப்பது 12 வோல்ட் பேட்டரியில் கம்ப்ரஸர் ஓடும் ஃபிரிட்ஜ், டான்ஃபாஸ் என்ற கம்பெனியின் வகை. ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கும், இந்த ஊர்ச் சூட்டில் பாதி நேரம் ஓடும். ஆக ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி, அதாவது 700 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேல். 200 வாட் சோலார் வெயில் நாளில் இழுத்துப் பிடிக்கும். மேகம் போட்டால் கைவிரிக்கும் என்று 300 வாட் போட்டேன். லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது, அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

ஆனால் கம்ப்ரஸருக்குக் காசைக் கொட்டுமுன் பெட்டியைக் கவனியுங்கள். என்னுடையதில் 4 செ.மீ. ஃபோம்தான் இருந்தது. பிய்த்துவிட்டு 10 செ.மீ. பாலியூரித்தேன் வைத்தேன். உள்ளே இடம் சுருங்கிவிட்டது என்று மனைவிக்கு இன்னும் வருத்தம். கதவு மேல்பக்கம் திறப்பதாக இருக்கட்டும், குளிர்காற்று கொட்டிப் போகாது. மூடி ரப்பரில் ஒரு ரிங்கிட் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரை மாற்றியதுமே கம்ப்ரஸர் ஓடும் நேரம் குறைந்தது.

பழைய கேஸ் ஃபிரிட்ஜை பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிப் போனார். குடிசையில் கரண்ட் இல்லை, தரை சமம். நன்றாக ஓடுகிறதாம்.