அப்பாவுக்கு "ஸ்பெஷல் டேப்லெட்" வேண்டாம்

கேள்வி: கேரளத்தில் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 66. கண் நீர் அழுத்த நோயால் ஒரு கண் முழுதும் போய்விட்டது, மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. செய்தி, பழைய படம், சொற்பொழிவு கேட்க ஒரு டேப்லெட்டும், டிவிக்கு ஒரு ஆண்ட்ராய்டு பெட்டியும் வாங்கலாம் என்றிருக்கிறோம். பொள்ளாச்சியில் ஒருவர் "பார்வையில்லாதவர்களுக்கான ஸ்பெஷல் டேப்லெட், பேசும் சாஃப்ட்வேர் போட்டது" என்று 19,500 ரூபாய் சொல்கிறார். 2,000 முன்பணமும் வாங்கிக்கொண்டார். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணத்தை முதலில் திருப்பிக் கேளுங்கள். "மீதியைக் கொண்டு வாருங்கள், சாஃப்ட்வேர் போட்டாகிவிட்டது" என்று அவர் சொன்னால், "அந்த சாஃப்ட்வேர் பெயர் என்ன, பில்லில் எழுதித் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தர மாட்டார். எழுதினால் அதில் டாக்பேக் என்று எழுத வேண்டியிருக்கும். அது கூகுள் இலவசமாகத் தருவது.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆண்ட்ராய்டில் டாக்பேக் 2009-லேயே வந்துவிட்டது. அதே வருடம் ஐஃபோனிலும் வாய்ஸ்ஓவர் வந்தது. அதற்கு முன்னால் நிலைமை வேறு. நோக்கியா ஃபோன் பேச வேண்டுமென்றால் டாக்ஸ் என்ற மென்பொருளைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஜாஸ், அதுவும் பெரிய விலை. கம்ப்யூட்டருக்கும் என்விடிஏ என்று இலவசமானது வந்து பல வருடம் ஆகிவிட்டது. இந்தத் தரகர்கள் மட்டும் அந்தப் பழைய காலத்துப் பேச்சையே வைத்துப் பிழைக்கிறார்கள். கடையில் எவருக்கும் கிடைக்கும் டேப்லெட்டை வாங்கி, ஒரு சுவிட்சைப் போட்டு, "ஸ்பெஷல்" என்று சொல்லி மேலே சில ஆயிரம் வைத்து விற்கிறார்கள். கண் போன வீட்டில் போய்க் காசு பறிப்பதைவிடக் கேவலமான வியாபாரம் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் விஷயம். அப்பாவுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் டேப்லெட்டே தேவையில்லை. பெரிய கண்ணாடித் தகட்டில் ஐகான் எங்கே இருக்கிறதென்று விரலால் தேடுவது, சின்ன ஃபோனில் தேடுவதைவிடக் கஷ்டம். ஃபோன் உள்ளங்கைக்குள் அடங்கும், நான்கு மூலையும் விரலுக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனிலேயே டாக்பேக் போட்டு ஒரு வாரம் பழக்கிப் பாருங்கள்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண் நீர் அழுத்தத்தில் பலருக்கு ஓரப்பார்வைதான் முதலில் போகும், நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் மிச்சம் நிற்கும். சர்க்கரை நோயால் கண் கெட்டவர்களுக்குத் திட்டுத் திட்டாகத் தெரியும். "வெளிச்சம் மட்டும்" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். உட்கார வைத்துக் கேட்டால், கறுப்புப் பின்னணியில் கட்டைவிரல் அளவு மஞ்சள் எழுத்து வைத்தால் படிக்கிறார்! அப்படி இருந்தால் டேப்லெட் நல்லதுதான். அதன் பெரிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தைத் திருப்பிப் போடலாம், உருப்பெருக்கி வைக்கலாம். குழாய்ப் பார்வை மட்டும் இருந்தால் அளவுக்கு மீறிப் பெரிதாக்கவும் கூடாது, ஒரு நேரத்தில் ஒரே எழுத்துதான் கண்ணில் விழும். கோவையிலோ பாலக்காட்டிலோ கண் டாக்டரிடம் போகும்போது "குறைபார்வைப் பரிசோதனை செய்யுங்கள்" என்று நீங்களாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடத்தில் சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள். டாக்டர் "ஒன்றும் மிச்சமில்லை" என்று சொன்ன பிறகு டேப்லெட் பேச்சை விட்டுவிடலாம்.

எதை வாங்கினாலும் அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். அவர் கையில் கொடுங்கள். வால்யூம் கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று வினாடி அழுத்தச் சொல்லுங்கள். பேச ஆரம்பிக்க வேண்டும். சில மாடலில் முதல்முறை மட்டும் செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி என்ற இடத்துக்குப் போய்ப் போட்டுத் தர வேண்டியிருக்கும். பேசியதும் ஒற்றை விரலால் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகட்டும், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு பெயர் சொல்லும். விரல் மூன்றாவதுக்குப் போன பிறகும் குரல் முதல் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த சாதனம் வேண்டாம். 2 ஜிபி, 3 ஜிபி ராம் வைத்த மலிவு சாதனங்களில் இதுதான் நடக்கும். 4 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். வண்டி வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

தமிழ்க் குரலையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்ற இடத்தில் கூகுள் எஞ்சினைத் தேர்ந்து, தமிழ்க் குரலை இறக்க வேண்டும். மலையாளக் குரல் தனி, அதையும் இறக்கி வையுங்கள். உங்கள் ஊரில் மின்வாரியச் செய்தி மலையாளத்தில் வந்தால், தமிழ்க் குரல் அதைப் படிக்காது.

டிவிக்குப் பெட்டி என்று எழுதியிருந்தீர்கள். பெயரில்லாத, "4கே, எல்லா சேனலும் ஃப்ரீ" என்று பஜாரில் விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பலவும் கூகுளின் சான்று பெறாதவை. டாக்பேக் இருக்காது, இருந்தாலும் ரிமோட்டுக்கு ஒழுங்காக வேலை செய்யாது. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீயநிரலைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது. இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் அது விற்கும்போதே உள்ளே இருக்கிறது, அல்லது முதல்முறை ஆப் இறக்கும்போது ஏறிவிடுகிறது. பிறகு உங்கள் வீட்டு இன்டர்நெட் வழியாக எவனோ திருட்டு வேலை செய்வான். டேப்லெட், ஃபோனுக்கும் இந்தச் சோதனை உண்டு: ப்ளே ஸ்டோரில் செட்டிங்ஸ் போய், அபவுட் பகுதியில் ப்ளே ப்ரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், அல்லது கூகுள் டிவி உள்ள நல்ல கம்பெனிச் சாதனம். வயதான பிறகு கண் போனவருக்கு வழுக்கும் கண்ணாடியைவிட ரிமோட் எளிது, பட்டன் கைக்குத் தட்டுப்படும். ஃபயர் ஸ்டிக்கில் பேக் பட்டனையும் மூன்று கோடு போட்ட மெனு பட்டனையும் சேர்த்து இரண்டு வினாடி அழுத்தினால் வாய்ஸ்வியூ என்ற அதன் திரைவாசிப்பான் பேச ஆரம்பிக்கும். மெனுவை ஆங்கிலத்தில் பழக வேண்டியிருக்கலாம். "ஹோம்", "ப்ளே" என்று பத்துப் பதினைந்து வார்த்தைதான், பழகிவிடுவார். கணக்கில் நுழைவதற்கு ஓடிபி, கியூஆர் குறியீடு எல்லாம் கேட்கும். அதை நீங்கள் ஒருமுறை செய்து கொடுத்துவிடுங்கள்.

சாதனம் பேசினாலும் சில ஆப்கள் பேசாது. ஐகானுக்குப் பெயர் வைக்காமல் ஆப்பை எழுதியிருப்பார்கள். அதனால் நிறுத்துவது எது, அடுத்த பகுதி எது என்று தெரியாமல் குரல் வெறுமனே "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். அது அப்பாவின் தவறோ சாதனத்தின் தவறோ அல்ல. அந்த ஆப்பை விட்டுவிட்டு யூடியூபில் ஆரம்பியுங்கள். காட்சியில் நடப்பதைச் சொல்லும் ஒலி விவரணை நெட்ஃபிளிக்ஸில் 2015-லிருந்து இருக்கிறது, ஆனால் தமிழில் தேடினால் சலிப்புதான் மிஞ்சும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு ஒலி விவரணையைப் பெயர் சொல்லியே கேட்கிறது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தது செல்லாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் சொன்னது. இத்தனைக்குப் பிறகும், கடையில் ஒரு பெட்டியை எடுத்தால் இது பேசுமா பேசாதா என்று அட்டையில் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரி இருந்தால் பொள்ளாச்சிக்காரருக்கு உங்களிடம் வேலையே இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை அம்மணி. அடுத்து இன்னொருவர் வருவார்: "அரசாங்கம் இலவசமாக ஃபோன் தருகிறது, விண்ணப்பம் போட 3,000 கொடுங்கள்." எல்லையோர ஊர்களில் இவர்கள் "அந்த மாநிலத்தில் எழுதினால் சீக்கிரம் கிடைக்கும்" என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும், விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சயா மையத்தில் போட்டால் அவர்களின் சேவைக் கட்டணம் மட்டும்தான். மாநிலத் திட்டங்கள் இருப்பிட முகவரியைப் பார்த்துத்தான். ஆதாரில் பொள்ளாச்சி முகவரி இருந்து, குடியிருப்பது கொழிஞ்சாம்பாறையில் என்றால் இரண்டு பக்கமும் உங்களைத் திருப்பி அனுப்பும். முதலில் முகவரியைச் சரிசெய்து, பிறகு அட்டையுடன் கேரள மாற்றுத்திறனாளிகள் நலக் கழகத்தில் கேளுங்கள். விண்ணப்பப் படிவம் மலையாளத்தில் இருந்தால், மொழிச் சிறுபான்மையினர் என்று சொல்லித் தமிழில் எழுதித் தர உங்களுக்கு உரிமை உண்டு, வாங்க மாட்டோம் என்று சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஃபோன் வந்ததும் முதல் வாரம் மூன்று வேலை மட்டும் கற்றுக்கொடுங்கள்: ஒரு விரலைத் திரையில் வைத்துத் தடவினால் பெயர் சொல்லும், வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இரண்டு முறை தட்டினால் திறக்கும். பேரப்பிள்ளைகளிடம் வால்யூம் பட்டன் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அவர்கள் தெரியாமல் டாக்பேக்கை நிறுத்திவிட்டால் ஃபோன் திடீரென்று ஊமையாகிவிடும். "போர்டு போச்சு" என்று சொல்லி 500 ரூபாய் வாங்கும் ரிப்பேர் கடைக்கு உடனே ஓட வேண்டாம், அதே இரண்டு பட்டனை மறுபடி மூன்று வினாடி அழுத்தினால் போதும்.