சிறுநீர்த் தாரையில், அதாவது சிறுநீர் வெளியேறும் குழாயில், சிக்கிய கல்லை அல்-சஹ்ராவி எப்படி உடைத்தார்?

ஸ்பெயினின் கோர்தோபா நகர மருத்துவர் அல்-சஹ்ராவி, 1000ஆம் ஆண்டுவாக்கில் முடித்த 'அல்-தஸ்ரீஃப்' மருத்துவ நூலின் 30ஆம் பகுதியில் இதற்கென்றே ஒரு துளைக்கருவியை விவரிக்கிறார்: மரப்பிடியில் செருகிய எஃகுக் கம்பி, முனை முக்கோணமாகக் கூராக இருக்கும்.

முதலில் கல்லுக்குப் பின்னால், அதாவது சிறுநீர்ப்பை இருக்கும் பக்கம், ஆண்குறியைச் சுற்றி நூலால் கட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுதான் முழு முறைக்கும் உயிர்நாடி. இதை விட்டால், கம்பி பட்டதுமே கல் பைக்குள் திரும்ப நழுவிவிடும்.

பிறகு கம்பியை மெல்ல நுழைத்து, கல்லில் முட்டியதும் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். மறுபக்கம் துளை விழுந்ததும் சிறுநீர் வெளியேறும். மிச்சக் கல்லை வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் நொறுங்கி, சிறுநீரோடு வந்துவிடும்.

பலிக்காவிட்டால், கல்லின் இருபுறமும் நூல் கட்டி, அதன் மேலேயே கீறி எடுக்கச் சொல்கிறார்.