அந்த அட்டையை என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இப்போதுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தான். ஒன்பதாவதிலிருந்தே ஞாயிறு காலையில் டியூஷன், அதனால் கோயிலுக்கு (சர்ச்சுக்கு) வருவது நின்றுபோனது. பரீட்சை முடிந்ததும் வருவான் என்று இருந்தோம். இப்போது கூப்பிட்டால் "நீங்க போயிட்டு வாங்க" என்கிறான். குடும்ப ஜெபத்தில் உட்காருகிறான், ஆனால் வாயைத் திறப்பதில்லை. என் கணவர் வைஃபையை நிறுத்திப் பார்த்தார், ஒருநாள் கையும் நீட்டிவிட்டார். என் மாமனார் முப்பது வருஷம் உபதேசியாராக, அதாவது ஆயருக்கு உதவியாகச் சபை ஊழியம் செய்பவராக இருந்தவர், போன வருஷம் மார்ச்சில் புற்றுநோயில் இறந்தார். அந்த வருஷப் பிறப்பு ஆராதனையில் அவருக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்காக எடுத்துக்கொள்ளும் வேதவசன அட்டை), "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி" என்ற வசனம். அதைத் தாத்தா கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியதே இவன்தான். "அதை என்ன செய்யப்போறீங்க?" என்று ஒருநாள் கேட்டான், எனக்குப் பதில் வரவில்லை. ஜூலையில் திடப்படுத்தல், ஆயர் பெயர் கேட்கிறார். எட்டு வயது மகள் அண்ணனைப் பார்த்துக் கெட்டுவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் கோயில் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, வைஃபை இருக்கிறது. நடுவில் அந்த அட்டையைப் பற்றி மூன்று நான்கு வரி. நான் திரும்பத் திரும்ப வாசித்தது அதைத்தான். உங்கள் மகன் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே கேள்வியோடு இருக்கிறான், அதை ஒருமுறை வாய்விட்டும் கேட்டுவிட்டான். பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கோயில் வேண்டாம் என்றானா, அதற்கு முன்னாலேயா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நம் வீடுகளில் வழக்கமாக என்ன நடக்கும் என்று தெரியும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, சுகம் கிடைத்தாயிற்று, விசுவாசியுங்கள் என்பார்கள். மார்ச்சில் அடக்க ஆராதனை முடிந்ததும் அதே ஆட்கள், ஆண்டவர் சித்தம், பாடுகள் இல்லாத இடத்துக்குப் போய்விட்டார் என்பார்கள். முதல் பேச்சு எப்படி இரண்டாவது பேச்சாக மாறியது என்று யாரும் சொல்வதில்லை, பெரியவர்களும் கேட்பதில்லை. பதினாலு வயதுப் பையன் கவனிப்பான். அதுவும் செல்லோடேப் வைத்துத் தன் கையால் ஒட்டினவன்.

அவனுக்கு நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். தாத்தாவை ஆண்டவர் ஏன் எடுத்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "அந்த அட்டையைப் பார்க்கும்போது எனக்கும் கஷ்டமாத்தான்டா இருக்கு, நானும் நம்பித்தான் ஜெபம் பண்ணினேன்" என்று நீங்கள் சொன்னால் போதும். அவன் உடனே கட்டிப்பிடித்து அழுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். ம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாலும் போகட்டும்.

அப்புறம் ஒரு நாள், ஜெப நேரத்தில் அல்ல, சும்மா இருக்கும்போது, இரண்டாம் சாமுவேல் 12ஐ எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தாவீது தன் குழந்தைக்காக உபவாசம் இருந்து இராமுழுதும் தரையிலே கிடக்கிறான், ஏழாம் நாள் பிள்ளை செத்துப்போகிறது, அதை ராஜாவிடம் சொல்ல ஊழியக்காரர்கள் பயப்படுகிறார்கள். நாம் ஞாயிறு பள்ளியில் கோலியாத்தோடு தாவீதை நிறுத்திவிடுகிறோம், இந்த அதிகாரத்துக்கு வருவதே இல்லை. சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது, அப்படியே முடிந்துவிடும். சிலுவைப்பாடு என்ற இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டார், நீங்கவில்லை. இதையெல்லாம் அவன் கேள்விக்குப் பதிலாக நீட்டாதீர்கள். தான் கேட்டதை வேதாகமத்திலேயே ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தால் சரி.

நானும் இதில் யோக்கியம் இல்லை. பல வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தவள். ஒரு பையன், ஆதாம் ஏவாளின் மகன் காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் டீச்சர் என்று கேட்டான். நியாயமான கேள்வி. மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், எனக்குப் பதில் தெரியாத கோபம், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து அவர்களை வினாவினார் என்று லூக்கா எழுதியிருப்பதை அதே வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன், அதுதான் வேடிக்கை.

டியூஷன் விஷயத்தில் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிறு ஆராதனையை முதலில் விட்டது அவன் இல்லை, நீங்கள்தான் விடச் சொன்னீர்கள். கணக்குப் பரீட்சை வந்தால் கோயில் காத்திருக்கும் என்று இரண்டு வருஷம் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது கோயில்தான் முக்கியம் என்று அதட்டினால் எப்படி எடுபடும்? இதையும் அவனிடம் ஒத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஒரு தடவை கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் போய்விட்டு வாருங்கள், வந்து முகத்தைத் தூக்கிவைக்காமல் எல்லாரையும் போல அவனுக்கும் கறிக்குழம்பு ஊற்றுங்கள். உபதேசியார் பேரனா இப்படி என்று வாசலில் கேட்பவர்களுக்கு, தாத்தா போனதிலிருந்து அவனுக்கு மனசு சரியில்லை என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

உங்கள் கணவரிடம் நான் சொல்ல வேண்டியதை பவுலே சொல்லிவிட்டார், எபேசியர் 6:4, பிதாக்களே, உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல். அடித்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், வைஃபையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள், செத்தவர் அவருக்கு அப்பா. அவரும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மகன் மேல் வருகிற கோபம் முழுக்க மகன் மேல்தானா என்று எனக்குச் சந்தேகம்.

குடும்ப ஜெபத்தைப் பத்து நிமிஷத்துக்குள் முடியுங்கள். ஒரு கீர்த்தனை, ஒரு பகுதி, ஒருவர் ஜெபம். அவன் முறை வந்தால் கட்டாயப்படுத்தாமல் அடுத்த ஆளுக்குப் போங்கள். முக்கியமாக, "ஆண்டவரே, இந்தப் பையனுக்கு நல்ல புத்தியைத் தாரும், செல்போன் ஆவியிலிருந்து விடுவியும்" என்று அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் புகார் கொடுக்காதீர்கள். நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த ஜெபம் தெரியும். கண்ணை மூடியிருந்தாலும் அது யாரைப் பார்த்துப் பேசுவது என்றும் தெரியும். அவனுக்காக ஜெபிக்க வேண்டுமென்றால் அவன் தூங்கின பிறகு ஜெபியுங்கள்.

திடப்படுத்தலுக்கு இந்த வருஷம் பெயர் கொடுக்க வேண்டாம். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொன்ன வாக்கை, இனி நானே சொல்கிறேன் என்று பேராயர் முன்னால் சொல்லும் ஆராதனை அது. அம்மா அழுவாள் என்பதற்காக அதைச் சொல்ல வைத்தால், பெரிய பொய்யைக் கோயிலில் வைத்துச் சொல்லலாம் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். ஆயரிடம் உள்ளதைச் சொல்லி அடுத்த தடவை பார்க்கலாம் என்று கேளுங்கள். வயது தாண்டிவிடாது. கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்னால் அவசர அவசரமாகத் திடப்படுத்தல் எடுக்கிறவர்களையெல்லாம் நம் சபைகள் பார்க்காததா!

மகளைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) போகட்டும், செயல்பாட்டுப் பாட்டெல்லாம் ஆடிப் பாடட்டும். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். 1780இல் இங்கிலாந்தின் கிளஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியை நடத்தத் தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அதில் பெரிய வேலையாக இருந்தது. வீட்டில் அப்பா அம்மா செய்ய வேண்டியதைச் செய்ய அது வந்ததல்ல. அண்ணன் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டால், அண்ணனுக்கு ஆண்டவரிடம் கொஞ்சம் கோபம், சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான் என்று சொல்லுங்கள். எட்டு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அவன் சாப்பாடும் தூக்கமும் குறைந்து, கூட்டாளிகளையும் விட்டு ஒதுங்கினால், அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து உபவாசக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சொந்த ஊர்க் கோயிலில் அசனம் (சபையின் பொது விருந்து) நடக்கும்போது முடிந்தால் அவனையும் கூட்டிப்போங்கள். கோயிலுக்குள் வா என்று கூப்பிட வேண்டாம், பரிமாறும் பையன்களோடு குழம்பு வாளியைத் தூக்க விடுங்கள், அதை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தாத்தாவோடு வேலை பார்த்த கிழவர்கள் நாலு பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள், அவரைப் பற்றி நீங்கள் சொல்லாத கதைகளை அவர்கள் சொல்லுவார்கள்.

அந்த அட்டையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவனிடமே கேளுங்கள், "நீ ஒட்டினது, நீயே சொல்லு" என்று. கிழித்தால் தடுக்காதீர்கள், தாத்தாவின் வேதாகமத்துக்குள் வைக்கிறேன் என்றால் வைக்கட்டும், அங்கேயே இருக்கட்டும் என்றாலும் சரி. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது மட்டும் யாரும் சத்தமில்லாமல் அதை உரித்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.