ஆம்புலன்சில் பணிபுரியும் கணவர் ஒரு சம்பவத்துக்குப் பிறகு வாயே திறப்பதில்லை. அவரை எப்படிப் பேச வைப்பது?

பேச வைக்காதீர்கள். இதுதான் என் பதில். நேரமில்லாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் அல்ல, பாலர் பள்ளி ஆசிரியை. ஆனால் என் கணவரும் பல ஆண்டுகள் ஆம்புலன்சில் ஓடியவர். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. நீங்களும் இந்நேரம் பாதியைச் செய்து முடித்திருப்பீர்கள்.

2016ஆம் ஆண்டு, சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக். நள்ளிரவு தாண்டிய நேரம். தமிழ்க் குடும்பம். மூச்சும் நாடியும் நின்றுபோன ஒரு பாட்டி. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மின்தூக்கி சிறியது, தூக்குப்படுக்கை நீளவாக்கில் நுழையவில்லை. தலைப்பக்கத்தை நிமிர்த்தித்தான் இறக்க முடிந்தது. மகள் கூடவே வந்து, "தம்பி, விட்டுவிடாதீர்கள் தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாட்டி பிழைக்கவில்லை.

காலையில் வீட்டுக்கு வந்தார், குளித்தார், இடியப்பம் சாப்பிட்டார், தூங்கினார். எனக்கு எதுவும் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தேக்கா சந்தையில் கீரை விற்கும் அம்மாள், "தம்பி, முருங்கை இருக்கிறது, வேண்டுமா?" என்றார். இவர் கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்துபோய்விட்டார். மீன் வாங்கிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தால் பை இருக்கிறது, ஆள் இல்லை.

அதன் பிறகு படுக்கையறையில் தூங்குவதில்லை. வரவேற்பறை சோபாவில், காலணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? குடைந்து குடைந்து கேட்டேன். "இதைவிடப் பெரிய விபத்தெல்லாம் பார்த்தவர்தானே நீங்கள்?" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு யாரோடோ தொடர்போ என்று சந்தேகப்பட்டு அவர் கைப்பேசியைக்கூட நோண்டினேன். மாமியார் தாயத்து கட்டினார். மனநல மருத்துவர் என்றதும், "உட்பிரிட்ஜுக்கா அனுப்பப் போகிறாய்?" என்று என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. மனநலக் கழகத்தின் பழைய பெயர் எங்கள் வீட்டில் இன்னும் வசவாகத்தான் வாழ்கிறது.

பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் (PTSD) என்கிற இந்த நோய் போருக்குப் போய் வந்த சிப்பாய்களுக்குத்தானே, இங்கே என்ன போர் நடந்தது என்று எழுதச் சிலர் தயாராக இருப்பீர்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடியதால்தான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது இடம்பிடித்தது, உண்மைதான். ஆனால் 2023இல் மட்டும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படைக்கு வந்த ஆம்புலன்ஸ் அழைப்புகள் 246,000க்கும் மேல். நாளொன்றுக்கு அறுநூற்றுச் சொச்சம். இவர்களுக்குப் போர் முடிந்து ஊர் திரும்பும் நாள் என்று ஒன்று கிடையாது, மறுநாள் மறுபடியும் அதே வண்டி. 1986இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்தது எல்லாருக்கும் தெரியும். தோ பாயோப் பாட்டி எந்தச் செய்தியிலும் வரவில்லை.

பல மாதம் கழித்து, அன்று வண்டி ஓட்டிய மலாய் நண்பர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தார். "நாங்களும் அந்த மின்தூக்கியில்தான் இருந்தோம். ஆனால் எங்களுக்கு அது அழுகைச் சத்தம் மட்டும்தான்" என்றார். அந்த வண்டியில் தமிழ் தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான்.

முதலில் பார்த்த ஆலோசகரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எத்தனை மணிக்கு அழைப்பு, எத்தனை நிமிடம் அழுத்தினார் என்று பணி அறிக்கை போலவே வந்ததாம். 'தம்பி'யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அங்கே கொடுத்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தையும் சொல்லியாக வேண்டும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். 'மன அழுத்தம்' இரண்டாம் வரியில் 'மன ழுஅத்தம்' ஆகியிருந்தது. நாலு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று பெருமை பேசுகிறோம், அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழரிடம் காட்ட ஆளில்லையா? பள்ளியில் பிள்ளைகளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்துத் தொண்டை வற்றுபவள் நான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், கோபம் குறையாமல் இருப்பதற்காக.

பிறகு பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி வேறொரு உளவியலாளரிடம் போனோம். கடிதத்தோடு போனால் அரசாங்கச் சலுகைக் கட்டணம் கிடைக்கும், மறக்காதீர்கள். அவர் ஒரு சீனப் பெண்மணி. இரண்டாம் சந்திப்பில், "உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை" என்றாராம். வாரம் ஒருமுறை, அதே இரவைத் தமிழில், திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் இப்படித்தான் செய்வார்களா என்றால் எனக்குத் தெரிந்தது என் வீட்டுக் கதை மட்டுமே.

'பேச வைக்காதீர்கள் என்றாய், கடைசியில் பேசித்தானே சரியானது?' என்று மடக்குவீர்கள். பேசினார், பயிற்சி பெற்றவரிடம், தயாரானபோது. சம்பவம் நடந்த கையோடு உட்காரவைத்து ஒரே மூச்சில் கொட்டவைப்பதை உலகச் சுகாதார அமைப்பே பரிந்துரைப்பதில்லை. முதல் மாதத்தில் பலர் தானாகவே தேறிவிடுவார்கள். தூக்கமின்மை, திடுக்கிடுவது, சில இடங்களைத் தவிர்ப்பது எல்லாம் மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். சாகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் மாதக்கணக்குப் பார்க்க வேண்டாம். அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற தொலைபேசி எண் இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. உங்களுக்கே மூச்சு முட்டினாலும் அழைக்கலாம், நான் அழைத்திருக்கிறேன். எந்த உளவியலாளர் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

இப்போது அவர் படுக்கையறையில்தான் தூங்குகிறார். தேக்காவுக்கும் ஞாயிறுதோறும் வருகிறார், ஆனால் உள்ளே வருவதில்லை. பஃபலோ சாலை ஓரத்தில் பையோடு நிற்பார். கீரையை நான் போய் வாங்கி வருகிறேன்.