குடிகாரக் குருவின் கதையைப் பங்கில் வாசிக்கலாமா?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலையோ படத்தையோ எடுத்துப் பேசுகிறோம். அடுத்த மாதத்துக்கு ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீனின் 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவலைச் சொன்னேன். "குடிகாரக் குரு, அவருக்கு ஒரு குழந்தை வேறு, இதையெல்லாம் ஏன் வாசிக்க வேண்டும்?" என்று இருவர் எதிர்க்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. எதை எடுத்தாலும் பத்தே நிமிடத்தில் "இதில் கிறிஸ்து யார், நீதி என்ன" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. விசுவாசத்தோடு ஒரு படைப்பை அணுகுவது எப்படி?

பதில்: வாசியுங்கள். அந்த நாவலையே வாசியுங்கள்.

எதிர்ப்பவர்களை ஒதுக்கிவிடாதீர்கள், அவர்களுடைய தயக்கம் பழையது. 1940-இல் வந்த இந்த நாவலுக்கு 1953-இல் வத்திக்கானிலிருந்தே ஆட்சேபம் எழுந்தது. திருத்தச் சொன்னார்கள், கிரீன் திருத்தவில்லை. பிறகு 1965-இல் திருத்தந்தை ஆறாம் பவுலை அவர் சந்தித்தார். உங்கள் புத்தகங்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கரை எப்போதும் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று திருத்தந்தை சொன்னதாகக் கிரீனே எழுதியிருக்கிறார்.

ஆனால் திருத்தந்தை சொன்னார் என்பதற்காக வாசிக்க வேண்டியதில்லை. கதையைப் பாருங்கள். 1930-களில் மெக்சிகோவில் திருச்சபை வேட்டையாடப்பட்ட காலம். ஒரு குரு தலைமறைவாக அலைகிறார். கோழை, குடிப்பவர், தன்னைப் பற்றித் தனக்கே நல்ல எண்ணம் இல்லாதவர். எல்லை தாண்டித் தப்பித்தும்விடுகிறார். அப்போது சாகக் கிடக்கும் ஒரு குற்றவாளி பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற, கூப்பிடுவதாக ஆள் வருகிறது. அது பொறி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே திரும்பிப் போகிறார், பிடிபடுகிறார், சுடப்படுகிறார்.

இந்தக் கதைக்கு முதுகெலும்பே ஒரு மறைக்கோட்பாடுதான். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்திஸ்தர்கள் என்றொரு பிரிவினர், கறைபட்ட குருவின் கையால் நடக்கும் அருளடையாளம் (திருமுழுக்கு, பாவமன்னிப்பு போன்ற திருச்சடங்கு) செல்லாது என்றார்கள். புனித அகுஸ்தினார் அதை மறுத்தார். திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே, பணியாளரின் தகுதியின்மை அவருடைய கொடையைக் கெடுத்துவிடாது என்பது அவருடைய வாதம். திருச்சபை இன்றுவரை அதையே நம்புகிறது. கிரீனின் குரு நல்லவராக இருந்திருந்தால் இந்த நம்பிக்கை சோதனைக்கே வந்திருக்காது. அழுக்கான கையிலிருந்தும் உண்மையான மன்னிப்பு கிடைக்குமா என்று வாசகனை வயிற்றைப் பிசையக் கேட்பதற்காகவே அவர் அப்படிப் படைக்கப்பட்டிருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம் இங்கே முந்நூறு பக்கம் நம்மோடு நடந்து வருகிறது.

பாவியான மனிதனைப் பற்றிப் பாவமே இல்லாத இலக்கியம் படைக்க முயல்வது முரண்பாடு என்று புனித ஜான் ஹென்றி நியூமன் எழுதினார். பாவம் காட்டப்படுகிறதா என்று கேட்டால் பெரும்பாலான நல்ல புத்தகங்களை மூடிவைக்க வேண்டியதுதான். அந்தப் பாவத்தின் எடையும் விலையும் உண்மையாகக் காட்டப்படுகின்றனவா என்று கேளுங்கள். துன்பத்தை வெறும் வேடிக்கையாக ஆக்கும் படைப்புகளும் உண்டு. அவற்றை எடுக்காமல் விட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சிறுவர்கள் வரும் குழு என்றால் படத்தை முன்கூட்டி முழுதாகப் பார்த்துவிடுவது கட்டாயம்.

சரி, இரண்டாவது சிக்கல். என் பார்வையில் அதுதான் பெரியது. "இதில் கிறிஸ்து யார்" என்று தேடுவது விடுகதை அவிழ்ப்பது போன்றது. விடை கிடைத்ததும் படைப்பு தேவையற்றதாகிவிடும், சுளையை எடுத்துக்கொண்டு தோலை எறிவது போல. நம் விசுவாசமோ அப்படி எறியவிடாது. "வாக்கு மனிதர் ஆனார்" என்கிறது யோவான் நற்செய்தி. கண்ணுக்குத் தெரியாத கடவுள் உடலெடுத்துத் தெரிந்தார், ஆகவே அவரை வரையலாம் என்று எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு நகர யோவான் வாதாடினார். 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் திருவுருவங்களின் பக்கம் நின்றது. அப்படியானால் நிறம், நிழல், ஒரு காட்சியின் மௌனம், ஒரு வாக்கியத்தின் நடை எதுவும் வெறும் உறை ஆகாது. பொருள் அவற்றுக்குள்தான் குடியிருக்கிறது.

இதைப் பழக ஓவியம்தான் எளிது. வரி வசூலித்துக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சியான, இத்தாலிய ஓவியர் கரவாஜோவின் 'மத்தேயுவின் அழைப்பு' உரோமையில் சான் லூயிஜி தேய் பிரான்செசி ஆலயத்தில் இருக்கிறது, 1599-1600-இல் வரைந்தது. நல்ல பிரதி ஒன்றைச் சுவரில் போட்டு, பத்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள், அர்த்தம் கேட்காதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? படத்தில் தெரியும் ஜன்னலிலிருந்து இல்லையே! இயேசுவின் உடல் ஏன் பாதி மறைந்திருக்கிறது? இவர்களில் மத்தேயு யார், விரல் நீட்டும் தாடிக்காரரா, தலை குனிந்து காசு எண்ணும் இளைஞனா? கலை ஆய்வாளர்களே இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சந்தேகத்தில் குழு கொஞ்ச நேரம் தங்கட்டும். அழைப்பு யாருக்கு என்று தெரியாத அந்த நொடியில் ஒவ்வொருவருக்கும் "எனக்கோ?" என்று தோன்றும். நீங்கள் எடுத்துச் சொல்லாமலேயே இறையியல் வந்துவிடும்.

நாவலுக்கும் படத்துக்கும் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் செப வழியிலிருந்து இரண்டு கேள்விகளைக் கடன் வாங்கலாம். எங்கே மனம் இளகியது? எங்கே எரிச்சலோ வறட்சியோ வந்தது? எரிச்சலைக் கேட்க மறக்காதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் உண்மை உட்கார்ந்திருக்கும். படமென்றால் ஒரே ஒரு காட்சியை இன்னொரு முறை போடுங்கள். அப்புறம் அங்கே மன்னிப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

எதை எடுப்பது என்பதில் ரொம்ப இறுக்கம் வேண்டாம். திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், கடவுள் நம்பிக்கையில்லாத மார்க்சியரான இத்தாலிய இயக்குநர் பசோலினியின் மத்தேயு நற்செய்திப் படமும் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் இலக்கியம் பற்றி 2024-இல் எழுதிய மடலில் தன் ஆசிரியப் பணியை நினைவுகூர்கிறார். பழைய காவியம் பாடத்திட்டத்தில் இருக்க, மாணவர்களோ ஸ்பானியக் கவிஞர் லோர்காவைக் கேட்டார்களாம். காவியத்தை வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பியதை எடுத்திருக்கிறார். உங்கள் குழுவிலும் அடுத்தடுத்த தேர்வுகளை மற்றவர்களிடம் விடலாம்.

இந்த முறை, எதிர்க்கும் அந்த இருவரிடமும் கூட்டத்துக்கு முன்பே சிறைச்சாலை அத்தியாயத்தை மட்டும் கொடுங்கள். நெரிசலான இருட்டறை, ஓர் இரவு. அங்கே பக்தியுள்ள ஒரு பெண்மணி அந்தக் குருவைக் கண்டு அருவருத்துப் போகிறார். அவர் சொல்வதை உங்கள் நண்பர்களே குழுவுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும், அந்தப் பெண்மணியின் பக்கம் நின்று பேசவும் செய்யட்டும். கலந்துரையாடலை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.